பழைய சவரக் கத்தி: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: மடக்கும் வகைப் பழைய சவரக் கத்தி ஒன்றைப் படம் பார்த்து வாங்க இருக்கிறேன். எதைக் கவனிக்க வேண்டும்?

பதில்: பளபளப்பை விட்டுவிட்டு வாயை, அதாவது வெட்டும் விளிம்பைப் பாருங்கள். முடியிழை போல ஒரு விரிசல் தெரிந்தாலும் அந்தக் கத்தி வேண்டாம். தீட்டத் தீட்ட விரிசல் ஓடி, ஒருநாள் சில்லாகப் பெயர்ந்துவிடும். வாயில் துளி உடைந்த வெறும் பொக்கை என்றால் பயமில்லை. அரை மில்லிமீட்டருக்குள் இருந்தால் கல்லில் தேய்த்தே எடுத்துவிடலாம். துரு எங்கே பிடித்திருக்கிறது என்பதும் முக்கியம். முதுகிலோ (வாய்க்கு எதிரே உள்ள தடித்த பக்கம்) வாலிலோ (அலகிலிருந்து பிடிப்பக்கம் நீளும் பகுதி) இருந்தால் அழகு மட்டும்தான் கெடும். வாயோரம் குழி விழுந்திருந்தால், தீட்டும்போது அந்தக் குழி விளிம்புக்கு வந்து வாய் உதிரும்.

அடுத்தது முதுகு. இந்தக் கத்தியைத் தீட்டும்போது முதுகும் வாயும் ஒரே நேரத்தில் கல்லில் படும். எனவே வாயின் கோணத்தை முதுகின் கனமே தீர்மானிக்கிறது. 16 மி.மீ. அகலமுள்ள அலகுக்கு முதுகு 4.5 மி.மீ. இருந்தால் கோணம் ஏறத்தாழ 16 பாகை. முதுகு ஒரு பக்கம் பட்டையாகத் தேய்ந்தும் மறுபக்கம் உருண்டையாகவும் இருந்தால், யாரோ அழுத்திச் சாணை பிடித்திருக்கிறார்கள். வாய் நடுவில் உள்வாங்கியிருந்தாலும் அப்படித்தான். அத்தகையதைப் புதிதாகப் பழகுபவர் வாங்க வேண்டாம்.

விற்பவரிடம் நான்கு படங்கள் கேளுங்கள்: இரண்டு பக்கமும், முதுகை மேலிருந்து எடுத்தது, மடக்கிய நிலையில் எடுத்தது. மடக்கும்போது அலகு பிடியில் உரசினால் ஒவ்வொரு முறையும் வாய் கெடும்.

கேள்வி: வாலில் ‘ஜெர்மனி’ என்று பொறித்திருக்கிறது. காலம் தெரியுமா?

பதில்: ஓரளவு தெரியும். இறக்குமதிப் பொருளில் நாட்டின் பெயர் இருக்க வேண்டும் என்று அமெரிக்காவின் 1890ஆம் ஆண்டு மெக்கின்லி சுங்கவரிச் சட்டம் சொன்னது. அது 1891இல் நடைமுறைக்கு வந்தது. நாட்டுப் பெயர் இருந்தால் பெரும்பாலும் அதற்குப் பிந்தியது. கத்திக்குப் பேர்போன ஊர்களான ஜெர்மனியின் சோலிங்கன், இங்கிலாந்தின் ஷெஃபீல்டு ஆகியவற்றின் முத்திரைகள் நல்ல அடையாளம்தான். ஆனால் முத்திரை நன்றாக இருந்து வாய் போயிருந்தால் பயனில்லை.

கேள்வி: கத்தி கைக்கு வந்துவிட்டது. கிருமி நீக்குவது எப்படி? ஸ்பிரிட்டால் துடைத்தால் போதாதா?

பதில்: போதாது. அழுக்கும் எண்ணெயும் காய்ந்த சோப்பும் மூடியிருக்கும் இடத்தில் மருந்து இறங்காது. முதலில் கழுவல், பிறகுதான் மருந்து.

வெதுவெதுப்பான நீரில் இரண்டு சொட்டு பாத்திரம் கழுவும் திரவம் விட்டு, பழைய பல்துலக்கும் பிரஷால் முதுகிலிருந்து வாயை நோக்கித் தேயுங்கள். எதிர்த்திசையில் தேய்த்தால் விரல் போகும். அதிக அழுக்கு தங்குவது அலகும் பிடியும் சேரும் தறையாணியில். டிஷ்யூ தாளைப் பட்டையாக மடித்து, சோப்பு நீரில் நனைத்து, இரண்டு பிடிகளுக்கும் நடுவே நுழைத்து முன்னும் பின்னும் இழுங்கள். முதல் பட்டை தேநீர்க் கறைபோலப் பழுப்பாக வரும், சில சமயம் சாம்பல் நிறப் பசையும் ஒட்டியிருக்கும். பட்டை வெள்ளையாக வரும்வரை மாற்றிக்கொண்டே இருங்கள். பலர் விட்டுவிடுகிற வேலை இதுதான்.

நன்றாகத் துடைத்துக் காயவைத்த பிறகு, 70 சதவீத ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் நனைத்த பஞ்சால் அலகைச் சுற்றி 10 நிமிடம் ஈரம் போகாமல் வைத்திருங்கள். 99 சதவீதம் இன்னும் வலுவானது என்று நினைக்க வேண்டாம். கிருமியின் புரதத்தைச் சிதைக்க நீரும் தேவை. மேலும் அது சீக்கிரம் ஆவியாகிவிடும். பிடி செல்லுலாய்டு (பழைய வகை பிளாஸ்டிக்) என்றால் ஆல்கஹால் பிடியில் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். முடிதிருத்தும் நிலையங்களில் கருவிகளை ஊறவைக்கும் கிருமிநாசினியும் நல்லது; லேபிளில் உள்ள அளவையும் நேரத்தையும் குறைக்காதீர்கள்.

இதை இரண்டு முறை செய்ய வேண்டும்: கத்தி வந்ததும் ஒருமுறை, துரு எடுத்துத் தீட்டி முடித்த பின் முதல் சவரத்துக்கு முன் ஒருமுறை. பல வருடம் அலமாரியில் கிடந்தது என்று விற்பவர் சொன்னாலும், நேற்று அவரே சோதித்துப் பார்த்திருக்கலாம். மஞ்சள் காமாலையை உண்டாக்கும் ஹெபடைட்டிஸ் பி வைரஸ் காய்ந்த ரத்தக் கறையில் குறைந்தது 7 நாள் உயிர்ப்போடு இருக்கும்.

கேள்வி: கொதிநீரில் போடலாமா? தீயில் வாட்டலாமா?

பதில்: தீ கூடவே கூடாது. மெல்லிய வாய் சில நொடிகளில் சூடேறும். எஃகு 200 பாகை செல்சியஸைத் தாண்டியதும் வைக்கோல் நிறம் ஏறத் தொடங்கும், சுமார் 300இல் நீலமாகும். பதம் (எஃகுக்கு ஏற்றிய கடினம்) போன அலகு அதன்பின் கூர்மையைத் தாங்காது. கொதிநீரால் பதம் போகாது. ஆனால் கொம்புப் பிடி வளையும், தறையாணிக்குள் நீர் புகுந்து துரு ஏறும். வீட்டு பிளீச்சிங் திரவமும் வேண்டாம். அது கார்பன் எஃகில் குழி பறிக்கும்.

கேள்வி: துடைத்து வைத்தும் பிடி மூடுகிற பகுதியில் மட்டும் துரு திரும்பத் திரும்ப வருகிறது. காரணம் என்ன?

பதில்: உங்கள் பிடி செல்லுலாய்டாக இருக்கலாம். நைட்ரோசெல்லுலோஸும் கற்பூரமும் சேர்த்துச் செய்த பொருள் அது. பழசாகிச் சிதையும்போது அமில வாயுவை வெளிவிடும், அலகு அதில் அரிக்கும். மூக்கைச் சுளிக்கவைக்கும் நெடியும் நுண்ணிய வெடிப்புகளும் அடையாளம். மருந்தில்லை. தறையாணியைக் கழற்றிப் பிடியை மாற்றுங்கள். அதுவரை மற்ற கத்திகளோடு ஒரே பெட்டியில் வைக்காதீர்கள். எளிதில் தீப்பிடிக்கும், நெருப்பருகே கொண்டுபோகாதீர்கள்.

கேள்வி: துருவால் டெட்டனஸ் வருமா?

பதில்: துருவால் வராது. மண்ணில் வாழும் ஒரு பாக்டீரியாவின் வித்துகளால் வருகிறது. அவற்றை ஆல்கஹால் கொல்லாது. தடுப்பூசி போட்டு 10 ஆண்டாகிவிட்டதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். துருவை 1000, பிறகு 2000 எண் வாட்டர் பேப்பரில் லேசான எண்ணெய் விட்டு எடுங்கள். அலகைத் தட்டையான கட்டையில் படுக்கவைத்தே தேய்க்க வேண்டும். தேய்த்தபின் தையல் மெஷின் எண்ணெய் பூசுங்கள். சமையல் எண்ணெய் நாளடைவில் பிசினாகி ஒட்டும்.

கேள்வி: எந்தக் கல்லில் தீட்டுவது?

பதில்: 1000, 4000, 8000, 12000 எண் கற்கள் என்ற வரிசை; எண் கூடக் கூடக் கல் நைசாகும். 1000 கல்லிலேயே வாய் முழுவதும் கைமுடியை வழிக்கும் அளவுக்கு வர வேண்டும், அதற்குமுன் அடுத்த கல்லுக்குப் போகாதீர்கள். கத்தியின் எடையே அழுத்தம். கடைசியில் தோல்வாரில் (வாயை இழுத்துச் சீராக்கும் தோல் பட்டை) முதுகு முன்னே போகும்படி 50 முறை. வாய் முன்னே போனால் வாரும் கிழியும், வாயும் மழுங்கும்.

கேள்வி: சுத்தம் செய்த கத்தியை அண்ணனும் நானும் மாறி மாறிப் பயன்படுத்தலாமா?

பதில்: வேண்டாம். கண்ணுக்குத் தெரியாத கீறல் ஒவ்வொரு சவரத்திலும் விழும். ஒவ்வொரு முறையும் தறையாணி வரை சுத்தம் செய்வது நடக்காத காரியம். அவருக்குத் தனிக் கத்தி, தனித் தோல்வார் இருக்கட்டும்.