ஸ்கேன் நார்மல், வலி மட்டும் நிற்கவில்லை

கேள்வி: தாராவியில் இருக்கும் என் தங்கைக்குத் தீராத தலைவலி, வயிற்றுவலி. ஸ்கேன், ரத்தப் பரிசோதனை எல்லாம் நார்மல். புருஷன் அடிக்கிறான் என்று எங்களுக்குத் தெரியும். வலிக்கும் அடிக்கும் சம்பந்தம் உண்டா? 'மதராசி வீட்டில் இது சகஜம்' என்கிறார் பக்கத்து வீட்டுக்காரர். நம் ஆட்களிடம்தான் இது அதிகமா?
- ஒரு வாசகி, மும்பை

பதில்: சம்பந்தம் உண்டு. இன்றைக்கு என்ன கோலத்தில் வருவானோ என்று பயந்துகொண்டே இருந்தால் தூக்கம் போகும், வயிறு கெடும், தலைவலி விடாது. இதெல்லாம் ஸ்கேனில் எங்கே தெரியப்போகிறது? இப்படி அடிபடும் பெண்களுக்கு மனச்சோர்வு வரும் வாய்ப்பு ஏறக்குறைய இரண்டு மடங்கு என்று உலக சுகாதார நிறுவனம் 2013-லேயே சொல்லிவிட்டது.

தங்கையிடம் இன்றே ஒன்று கேளுங்கள்: கழுத்தை நெரித்தானா? வெளியே தடம் எதுவும் இல்லாமலே உள்ளே ரத்தக்குழாய் கிழிந்து, சில நாள் கழித்துப் பக்கவாதம் வரலாம். குரல் கம்மினாலோ விழுங்க வலித்தாலோ தாமதிக்காமல் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போங்கள்.

பக்கத்து வீட்டுக்காரருக்கு வருவோம். 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வில் கணவனின் வன்முறையைச் சந்தித்ததாகச் சொன்னவர்கள் தமிழ்நாட்டில் 38 சதவீதம், கர்நாடகத்தில் 44, நாடு முழுக்க 29. நம் கணக்கு பெருமைப்படும்படி இல்லை, சரி. ஆனால் நாட்டில் எந்த மாநிலமும் பூஜ்யம் இல்லையே! அமெரிக்காவில் 2010-ல் இன வாரியாகக் கேட்டபோது பூர்வகுடிப் பெண்களில் 46 சதவீதம், கறுப்பினத்தில் 44, வெள்ளையரில் 35, ஆசியரில் 20 சதவீதம் பேர் துணைவரின் வன்முறைக்கு ஆளானதாகச் சொன்னார்கள். ஆசியர் வீடுகள் சொர்க்கம் என்று நான் நம்பமாட்டேன், வெளியே சொன்னால் மானம் போகும் என்று வாய்மூடியவர்களை எந்த ஆய்வு எண்ணும்? வறுமை, ஒண்டவும் வேறு இடமில்லாமை, ஆஸ்பத்திரியில் கிடைக்கும் அலட்சியம் எல்லாம் சேர்ந்துதான் ஒரு கூட்டத்துக்குப் பாதிப்பு கூடுகிறது, ரத்தத்தில் ஒன்றும் இல்லை.

பாந்த்ராவில் பாபா மாநகராட்சி ஆஸ்பத்திரி இருக்கிறது இல்லையா, அங்கே 2000-லிருந்து 'திலாசா' என்ற மையம் வீட்டில் அடிபடும் பெண்களுக்காகவே இயங்குகிறது. 2005 குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டப்படி, புகார் கொடுக்கவில்லை என்று சொல்லி எந்த ஆஸ்பத்திரியும் சிகிச்சையை மறுக்க முடியாது. 'படியில் விழுந்தேன்' என்று மட்டும் தங்கை சொல்லிவிடக் கூடாது. நடந்ததைச் சொன்னால் கேஸ் பேப்பரில் ஏறும், நாளைக்குக் கோர்ட்டில் அதுவே சாட்சி. ஹிந்தி தடுமாறினால் நீங்கள் கூடப் போங்கள், மாமியாரை மொழிபெயர்க்க விடாதீர்கள். அவசரத்துக்கு 181, 112.