பெந்தோட்டை ரிசார்ட்டில் ஹாஃப் போர்டு எடுக்கலாமா? வீட்டில் ஒருவர் எதையும் தொட மாட்டார், இன்னொருவர் எதையும் விட மாட்டார்

உங்கள் நிலைமையை நான் புரிந்துகொண்டது இப்படி. இலங்கையில் பெந்தோட்டைக் கடற்கரை, நான்கு இரவு. மாமியார் சுத்த சைவம். எட்டு வயதுப் பையனுக்கு வெள்ளைச் சோறு, தயிர், உருளைக்கிழங்கு, அவ்வளவுதான் உலகம். கணவரும் கொழுந்தனாரும் போகிற ஊரில் எல்லாம் எதையாவது புதிதாகத் தின்று பார்க்க வேண்டும். ரிசார்ட்காரர்கள் '80 வகை பஃபே' என்கிறார்கள், காலை உணவோடு இரவுச் சாப்பாட்டையும் சேர்த்து ஹாஃப் போர்டாகவே எடுத்துவிடலாமா என்று கேட்கிறீர்கள்.

வேண்டாம். காலை உணவு மட்டும் சேர்த்துப் பதிவு செய்யுங்கள். முதல் நாள் காலையில் பஃபேயை ஒரு சுற்று சுற்றிப் பார்த்துவிட்டு, இரவுக்கு அங்கேயே சாப்பிடுவதா என்று அன்றன்று முடிவெடுத்துக்கொள்ளலாம். சென்ற பிப்ரவரியில் கிட்டத்தட்ட உங்கள் வீட்டு ஜாடையிலேயே ஒரு கூட்டத்தைக் கூட்டிக்கொண்டு அதே கடற்கரைக்குப் போய், நான்கு இரவுக்கும் முன்பணம் கட்டி, இரண்டு இரவு வெளியே சாப்பிட்டவள் நான். அதனால் சொல்கிறேன்.

எங்கள் கூட்டம்: அம்மா (முட்டை கலந்த கேக்கைக்கூடத் தொட மாட்டார்), என் வீட்டுக்காரர் (கொடுப்பதைச் சாப்பிடுவார், புகார் கிடையாது), ஏழு வயது மகள் (சாப்பாட்டுப் பிடிவாதத்தில் உங்கள் பையனுக்கு அக்கா முறை வேண்டும்), அப்புறம் என் தம்பி. தம்பி மீன் சந்தைக்குப் போனால் கோயிலுக்குப் போனதுபோல் முகம் மலர்கிறவன்.

முதலில் அந்த '80 வகை' கணக்கைப் பார்ப்போம். நான் ஒருநாள் இரவு பொழுது போகாமல் எண்ணிப் பார்த்தேன். ரொட்டியும் பன்னும் ஒரு டஜன். சாலட், அதற்கு ஊற்றும் குழம்புகள் இன்னொரு இருபது. விரல் நீளக் கேக்குகள், ஜெல்லி, புட்டிங் ஒரு பதினைந்து. ஊறுகாய், ஜாம், வெண்ணெய் எல்லாம் தனித்தனி எண். சோற்றில் போட்டுப் பிசைந்து சாப்பிடக்கூடியது என்று பார்த்தால் எட்டோ ஒன்பதோதான். குறை சொல்வதற்காகச் சொல்லவில்லை, பஃபே என்றாலே அப்படித்தான். ஆனால் உங்கள் பையனுக்கு 80 வகை தேவையே இல்லை. அவன் சாப்பிடும் மூன்று பொருள் நான்கு நாளும் மாறாமல் இருந்தால் போதும். இரவு பஃபேயில் அதுதான் மாறிக்கொண்டே இருக்கும். ஒருநாள் இத்தாலிய இரவு, ஒருநாள் மங்கோலிய இரவு, ஒருநாள் கடலுணவு பார்பிக்யூ என்று வைப்பார்கள். இத்தாலிய இரவன்று வெள்ளைச் சோற்றைத் தேடி நான் அடுக்களைக் கதவுவரை போனேன்.

காலை உணவு அப்படி மாறாது. எந்த நாட்டு விருந்தாளி வந்தாலும் அப்பம், இடியாப்பம், பருப்பு, சம்பல் (நம் துவையல் மாதிரி), முட்டை, பாண் (நம் பிரெட்டுக்கு அங்கே அதுதான் பெயர்), பழம் எல்லாம் அதே இடத்தில் இருக்கும். அதிலும் அப்பம் சுடும் கவுண்டர் இருக்கிறதா என்று பாருங்கள். என் கணக்கில் ஒரு ரிசார்ட்டின் சாப்பாட்டை எடை போட அது ஒன்றே போதும். கண் முன்னால் ஒருவர் நின்று சிறு சட்டியில் மாவு ஊற்றிச் சுழற்றிச் சுட்டுக் கொடுத்தால், எதையும் தொடாதவரும் எதையும் விடாதவரும் ஒரே வரிசையில் நிற்பார்கள். முட்டை வேண்டாம், ஓரம் மட்டும் முறுகலாக வேண்டும், நடுவில் மிளகு தூவுங்கள் என்று ஆளுக்கொன்று கேட்கலாம். என் மகள் நான்கு நாளும் அப்பத்தின் ஓரத்தை மட்டும் ஒடித்து ஒடித்துத் தின்றாள். மெத்தென்ற நடுப்பகுதி தம்பியின் தட்டுக்குப் போயிற்று. அவன் அதில் கட்டைச் சம்பலை (மிளகாயும் வெங்காயமும் இடித்தது) வைத்துக் கண்ணில் நீர் வர வர உள்ளே தள்ளினான். அப்பச் சட்டிகளுக்குப் பதில் ஏற்கெனவே சுட்டு அடுக்கி மூடி வைத்திருந்தால், அந்த இடத்தில் இரவுச் சாப்பாட்டுக்குப் பணம் கட்ட யோசியுங்கள்.

இடியாப்பமும் கிடைக்கும், சிவப்பரிசி மாவில் சிறு சிறு வட்டமாக. நம் வீடுகளில்போல தேங்காய்ப்பாலும் சர்க்கரையும் ஊற்றிச் சாப்பிடும் பழக்கம் அங்கே காலை மேசையில் இல்லை. டீ மேசையிலிருந்து சர்க்கரையும், கேட்டு வாங்கிய தேங்காய்த் துருவலும் போட்டு நானே பிசைந்து கொடுத்தேன். பையன் இதற்கு மசிவானா என்று ஒரு தடவை வீட்டிலேயே சோதித்துப் பாருங்கள்.

இனி உங்கள் மாமியார் விஷயம். இதைத்தான் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும்.

நாங்கள் திருநெல்வேலி. எங்கள் பக்கம் கல்யாணத்துக்கு மறுநாள் சொதிச் சாப்பாடு போடுவார்கள். தேங்காய்ப்பாலில் காய்களும் பாசிப்பருப்பும் போட்ட குழம்பு, தொட்டுக்கொள்ள இஞ்சிப் பச்சடி. அம்மா முதல் நாள் காலையில் பஃபேயில் மஞ்சளாக, மெல்லிய தேங்காய்ப்பால் குழம்பைப் பார்த்தார். பக்கத்தில் அட்டையில் 'சொதி' என்று தமிழிலேயே எழுதியிருந்தது. கடல் தாண்டி வந்த இடத்தில் நம் ஊர்ச் சொதியா என்று அவருக்கு ஒரே பூரிப்பு. இடியாப்பத்தின் மேல் இரண்டு கரண்டி. தேங்காய்ச் சம்பல் வேறு தனியாக. 'எண்ணெய் வாசம்தான் கொஞ்சம் தூக்கல், மற்றபடி என்ன ருசி' என்று இரண்டு நாள் சிலாகித்தார்.

மூன்றாம் நாள் தம்பி, அப்பம் சுடுகிறவரிடம் அந்தச் சம்பலுக்கு எப்படி இந்த ருசி வருகிறது என்று கேட்டிருக்கிறான். அவர் சிரித்துக்கொண்டே 'உம்பலகட' என்றிருக்கிறார். அதுதான் மாசி. சூரை மீனை வேகவைத்து, புகை போட்டு, கட்டை மாதிரி இறுகும்வரை காயவைத்தது. அதை இடித்துத் தூளாகவும் சிம்பாகவும் போடுவார்கள். தேங்காய்ச் சம்பல், சீனிச் சம்பல், கட்டைச் சம்பல் எல்லாவற்றிலும் வழக்கமாக இருக்கும். சொதியிலும் போடுவதுண்டு, அங்கே போட்டிருந்தார்கள். அவர்களுக்கு அது நமக்குப் பெருங்காயம் மாதிரி. அதைப் போட்டதால் அது மீன் கறி ஆகிவிட்டது என்று யாரும் நினைப்பதில்லை. அதனால் 'இது வெஜிடேரியனா?' என்று கேட்டால் மனசாரவே ஆமாம் என்பார்கள். யாரும் நம்மை ஏமாற்றவில்லை. நாங்கள் கேட்ட கேள்விதான் தவறு. 'உம்பலகட போட்டிருக்கிறீர்களா?' என்று அந்தச் சொல்லையே சொல்லிக் கேளுங்கள்.

அம்மாவிடம் சொல்வதா வேண்டாமா என்று நானும் தம்பியும் நீச்சல் குளத்தின் ஓரம் உட்கார்ந்து அரைமணி நேரம் பேசினோம். சொன்னோம். அவர் ஒன்றும் பேசவில்லை. குளித்துவிட்டு வந்தார். மறுநாள் காலை நேராக அந்தப் பரிமாறும் பையனிடம் போய், 'முன்னாடியே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே தம்பி' என்றார். தமிழ் அவனுக்கு அரைகுறை, ஆனால் புரிந்துவிட்டது. பத்து நிமிடத்தில் ஒரு சிறு கிண்ணத்தில் மாசி இல்லாத சம்பல் அரைத்து வந்தது. கிளம்பும் நாள் காலையிலும் வந்தது. முதல் நாள் வந்து இறங்கியதுமே கேட்டிருந்தால் முதல் நாளிலிருந்தே கிடைத்திருக்கும்.

இனிப்பில் ஒரு கண்ணி இருக்கிறது, வட்டிலப்பம். பார்த்தால் வெல்லமும் தேங்காய்ப்பாலும் ஏலக்காயும்தான், ஆனால் அதைக் கட்டியாக்குவது முட்டை. மலாய்க்காரர்கள் வழியாக வந்த பண்டம் என்பார்கள். மாமியார் முட்டை சாப்பிடாதவர் என்றால் தள்ளியே வையுங்கள். தேடி எடுக்க வேண்டியது பொலோஸ், அதாவது பிஞ்சுப் பலாக்காய்க் கறி. நீளநேரம் வேகவைத்துக் கருத்துப்போய் இருக்கும், கறித்துண்டு மாதிரியே தெரியும். அம்மா அதைப் பார்த்ததுமே ஒதுங்கிவிட்டார். பலாக்காய்தான் என்று நான் ஒரு துண்டைப் பிய்த்துக் காட்டிய பிறகுதான் தட்டில் ஏறியது. பொலோஸ், பருப்பு, வல்லாரைச் சம்பல், கத்தரிக்காய் மோஜு (பொரித்த கத்தரிக்காயில் ஊறுகாய் மாதிரி செய்வது) இவற்றிலும் கைப்பக்குவத்துக்குத் தக்கபடி மாசி ஏறலாம், அதே கேள்வியைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

கணவரும் கொழுந்தனாரும் என்ன செய்வார்கள் என்றால், இரவு பஃபேயில் ஏமாந்துபோவார்கள். எல்லா நாட்டு நாக்குக்கும் பொதுவாக இருக்கட்டும் என்று காரத்தையும் புளிப்பையும் பாதியாகக் குறைத்துத்தான் வைக்கிறார்கள். தம்பி ஆவலோடு எதிர்பார்த்த மீன் அம்புல் தியல் அங்கே ஏதோ மீன் வறுவல் மாதிரி வந்தது. அம்புல் தியல் தென்கரையோர ஊர்களின் பண்டம். சூரைத் துண்டங்களைக் கொறக்காய்ப்புளி (நம் குடம்புளி) விழுதிலும் மிளகிலும் புரட்டி, சாறு முழுக்க வற்றும்வரை சட்டியில் வைப்பார்கள். கருகிவிட்டதோ என்று நினைக்கும் அளவுக்குக் கருப்பாக இருக்க வேண்டும். அந்தப் புளிப்பினால் குளிர்பெட்டி இல்லாத காலத்திலும் அது நாள்கணக்கில் கெடாமல் இருந்திருக்கிறது. அதை ஆற்றுக்கு அக்கரையில், பாலம் தாண்டினால் வருகிற அளுத்கமையில், மதியச் சோற்றுக் கடை ஒன்றில்தான் அவன் கண்டுபிடித்தான். ஆட்டோவில் சில நிமிடம். ஒரு சோறு, நான்கு மரக்கறி, ஒரு மீன், அப்பளம், கேட்கக் கேட்கக் கறி. மூன்று மதியமும் அங்கேயே போய்விட்டான். அதனால் அவர்களுக்கு முன்பணம் கட்டவே வேண்டாம், அவர்கள் ஊரைப் பார்த்துக்கொள்வார்கள். லம்பிரைஸ் வேண்டுமென்றால் கொழும்பில் சாப்பிட்டுவிடச் சொல்லுங்கள். டச்சு வழிவந்த பறங்கியர் வீட்டுச் சாப்பாடு அது, சோறும் கறிகளும் வாழையிலையில் பொதிந்து சூட்டடுப்பில் வைத்து எடுப்பது. பெரிய பஃபே தட்டில் குவித்து வைத்தால் அது லம்பிரைஸ் இல்லை.

விதிவிலக்காக, ரிசார்ட்டில் 'இலங்கை இரவு' என்று ஒருநாள் வைப்பார்கள். மண்சட்டியில் கறிகள், கொத்து ரொட்டியைத் தகட்டில் தடதடவென்று கொத்தும் சத்தம், எல்லாம் இருக்கும். அது ஒன்றுக்கு மட்டும் போங்கள். உங்கள் தேதிகளில் எந்த இரவு அது என்று பதிவு செய்யும்போதே எழுதிக் கேளுங்கள். பதில் எழுதச் சோம்பல்படும் ரிசார்ட் என்றால் அதுவும் ஒரு தகவல்தான்.

பணத்தைப் பற்றி ஒரு விஷயம். விலைக்குப் பின்னால் இரண்டு கூட்டல் குறி போட்டிருந்தால், சேவைக் கட்டணமும் வரியும் தனி என்று அர்த்தம். சேவைக் கட்டணம் வழக்கமாக 10 சதவீதம். இலங்கையின் வாட் வரி 2024 ஜனவரியிலிருந்து 18 சதவீதம். தலைக்கு 30 டாலர் இரவுச் சாப்பாடு என்று பார்த்து மகிழ்ந்தால் பில்லில் 38-ஐத் தாண்டி நிற்கும். பையனுக்குப் பாதிக் கட்டணம் உண்டா, எந்த வயதுவரை என்றும் கேளுங்கள். ஒரு கரண்டி சோறும் தயிரும் தின்பவனுக்கு முழுக் கட்டணம் கொடுப்பது எனக்கு இன்றும் வயிற்றெரிச்சல்.

எந்த மாதம் போகிறீர்கள் என்று நீங்கள் சொல்லவில்லை. நவம்பரிலிருந்து ஏப்ரல்வரை அந்தக் கரைக்குச் சீசன், கூட்டம் இருக்கும், தட்டுகள் காலியாகிக் காலியாகிப் புதிதாக வரும். மே மாதத்துக்குப் பிறகு தென்மேற்குப் பருவக்காற்று, கடலும் கொந்தளிக்கும், அறைகளும் காலியாகக் கிடக்கும். அப்போது ஆள் குறைவு என்று பஃபேயை எடுத்துவிட்டு மூன்று கோர்ஸ் தட்டுச் சாப்பாடு வைத்துவிடுவதுண்டு. தேர்ந்தெடுத்துச் சாப்பிடும் குழந்தைக்கு அது பெரிய சிக்கல். டிசம்பர் 24, 31 இரவுகளில் பல இடங்களில் சிறப்பு விருந்துக்குக் கட்டாயக் கட்டணம் வைத்திருப்பார்கள், அப்போது நான் மேலே சொன்ன கணக்கு எதுவும் செல்லாது.

அப்புறம் பையனின் தயிர். முதல் நாள் முழுக்கச் சோற்று மேசையில் தேடிவிட்டு இல்லை என்று முடிவு கட்டிவிட்டோம். அங்கே தயிர் இனிப்பு வகையறா. பழங்களுக்குப் பக்கத்தில், கித்துள் பாணியோடு (ஒரு வகைப் பனையின் வெல்லப்பாகு), மண்சட்டியில் இருந்தது. எருமைத் தயிர், கத்தியால் வெட்டலாம் போல அவ்வளவு கெட்டி. கொஞ்சம் தண்ணீரும் உப்பும் விட்டுத்தான் சோற்றில் பிசைய வேண்டும்.