பெரிய நாவலுக்கு நடுவில் சின்னப் புத்தகம் எடுக்கலாமா?

கேள்வி: தோட்டப் பாடசாலையில் படிப்பிக்கிறேன். 'பொன்னியின் செல்வ'னை மூன்று தரம் தொடங்கி, மூன்று தரமும் இரண்டாம் பாகத்தில் விட்டுவிட்டேன். இடையில் ஒரு சிறுகதைத் தொகுப்பை எடுத்தால் நாவல் அப்படியே கிடந்துவிடுகிறது. நாவலையே பிடித்துக்கொண்டிருந்தால் வேறு எதுவும் வாசிக்க முடிவதில்லை. நூலகத்தில் இரண்டு வாரத் தவணை வேறு. என்ன செய்யலாம்?
– வாசகி, தலவாக்கலை

பதில்: அன்புச் சகோதரி, பாகத்தின் நடுவில் சின்னப் புத்தகத்தை எடுத்ததால்தான் நாவல் நின்றுபோயிருக்கிறது. நாலைந்து நாள் இடைவெளி விழுந்தாலே யார் யாருக்கு உறவு, யார் எங்கே போய்க்கொண்டிருந்தார் என்பதெல்லாம் மறந்துவிடும். பிறகு இரண்டு பக்கத்துக்கு ஒரு தரம் பின்னால் புரட்ட வேண்டிவரும். கதை நன்றாக இருந்தும் பலர் புத்தகத்தை மூடிவைப்பது அந்த அலுப்பில்தான். ஆகவே ஒரு பாகம் முடிந்த பிறகே சின்னப் புத்தகத்தைத் தொடுங்கள்.

இந்த நாவல் 1950 முதல் 1954 வரை 'கல்கி' இதழில் வாராவாரம் வந்த தொடர். அதனால் அத்தியாயங்கள் சின்னவை. முடிவில் அடுத்ததற்கு இழுக்கும் முடிச்சும் பெரும்பாலும் இருக்கும். எனவே பக்கத்தை விட்டுவிட்டு அத்தியாயத்தை எண்ணுங்கள். நாளுக்கு 3 அத்தியாயம் என்றால், இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு முக்கால் மணி நேரம் போதும். இரண்டாம் பாகத்தின் 53 அத்தியாயங்களுக்கு 18 நாள். மூன்றாம், நான்காம் பாகங்களில் தலா 46. ஒவ்வொன்றுக்கும் 16 நாள். ஐந்தாம் பாகத்தில் மட்டும் 91 இருக்கின்றன, அது முழுதாக ஒரு மாதம் கேட்கும். ஒவ்வொரு பாகத்தையும் போயா (பௌர்ணமி) விடுமுறையில் தொடங்குங்கள். அன்றைக்கே ஆறேழு அத்தியாயம் ஓடிவிட்டால் பிறகு பாடசாலை நாட்களிலும் கை தானாகப் புத்தகத்துக்குப் போகும். அடுத்த போயாவுக்குள் மிஞ்சுகிற பத்துப் பன்னிரண்டு நாளும் சின்னப் புத்தகங்களுக்கு.

முதல் பாகத்தை நான்காம் தரம் வாசிக்கத் தொடங்காதீர்கள். பொருளடக்கத்தில் அதன் 57 தலைப்புகளையும் பார்த்து, ஞாபகம் வருகிறவற்றுக்கு ஒவ்வொரு வரி எழுதுங்கள். ஒன்றுமே ஞாபகம் வராத அத்தியாயங்களை மட்டும் திரும்ப வாசித்தால் போதும். பெயர், உறவு, யார் பக்கம் என்று ஓர் அட்டையில் மூன்று நிரல் போட்டுப் புத்தகத்துக்குள்ளேயே வையுங்கள். பழுவேட்டரையர் பெரியவர், சின்னவர் என்று இரண்டு பேர் இருப்பதிலேயே தடுமாறுகிறவர்கள் உண்டு. ஒவ்வோர் இரவும் நிறுத்தும்போது, யார் எங்கே நிற்கிறார், எதற்காகக் காத்திருக்கிறார் என்று அட்டையின் பின்புறம் ஒரு வரி குறித்துக்கொண்டால் மறுநாள் புரட்டுகிற வேலை இல்லை.

இடையில் எடுக்கிற புத்தகம் இன்னொரு சரித்திரக் கதையாக இருக்கக் கூடாது, பெயர்கள் கலந்துபோகும். நம்முடைய மலையக எழுத்தின் பலமே சிறுகதைதான். என்.எஸ்.எம். இராமையாவின் 'ஒரு கூடைக் கொழுந்து' இன்றும் பேசப்படுவதை நீங்களே அறிவீர்கள். ஆனால் சின்னதுதானே என்று ஒரே மூச்சில் பன்னிரண்டு கதைகளை வாசித்தால் மனதில் இரண்டுதான் தங்கும். ஒரு நாளுக்கு இரண்டு கதை போதும். பிடித்ததை மறுநாள் இன்னொரு தரம் வாசியுங்கள். குறுநாவலை மட்டும் துண்டு துண்டாக்காமல், மழை விடாத ஒரு ஞாயிற்றுக்கிழமையில் ஒரே இருப்பில் முடித்துவிடுங்கள். கவிதை, கட்டுரை என்றால் நாவல் ஓடிக்கொண்டிருக்கும்போதே, பாடசாலை இடைவேளையில் பத்து நிமிடம் வாசிக்கலாம், கதையோடு குழம்பாது. பஸ்ஸில் மட்டும் எதுவும் வேண்டாம், நம் வளைவுகளில் தலை சுற்றும்.

நூலகத்தில் ஐந்து பாகமும் ஒன்றாகக் கட்டிய பதிப்பை எடுக்காதீர்கள். கையில் பிடித்து வாசிக்க முடியாத பாரம். ஈரக் காலத்தில் கட்டும் சீக்கிரம் விட்டுப்போகும். தனித்தனிப் பாகமாக எடுங்கள். நாளுக்கு 4 அத்தியாயமாகக் கூட்டினால் இரண்டு, மூன்று, நான்காம் பாகங்கள் ஒவ்வொன்றும் இரண்டு வாரத் தவணைக்குள் முடியும். ஐந்தாவது அப்போதும் 23 நாள் எடுக்கும். அதை வாங்கும்போதே தவணையைப் புதுப்பித்துத் தருவார்களா என்று கேட்டுவையுங்கள். வேறு யாரும் அதற்குப் பெயர் கொடுத்திருந்தால் அவர் வாசித்து முடித்த பிறகு எடுங்கள்.