ட்ரூமனும் எஃகு ஆலைகளும்

அன்புள்ள ஐயா,

அமெரிக்க அதிபர் ஒரு காகிதத்தில் கையெழுத்திட்டால் போதும், எல்லாம் நடந்துவிடுகிறது. நம் பிரதமராவது மக்களவையில் பெரும்பான்மை போனால் வீட்டுக்குப் போக வேண்டும். அவர்கள் ஓட்டுப் போட்டு நான்கு ஆண்டுகளுக்கு ஒரு மன்னரைத்தானே தேர்ந்தெடுக்கிறார்கள்?

ஆர்., திருநெல்வேலி

அன்புள்ள ஆர்.,

இதையே 1952இல் அமெரிக்க அரசின் வழக்கறிஞர் வாதமாக வைத்தார். கொரியப் போர்க்காலம் அது. எஃகுத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தத்துக்கு நாள் குறித்திருந்தார்கள். ஏப்ரல் 8 அன்று அதிபர் ட்ரூமன் கையெழுத்திட்டு ஆலைகளை அரசின் வசம் எடுத்துக்கொண்டார். முதலாளிகள் வழக்குப் போட்டார்கள். அதிபரின் அதிகாரத்துக்கு எல்லையே கிடையாதா என்ற பேச்சு வந்தபோது, இரண்டு உண்டு, ஒன்று தேர்தல், மற்றது பதவிநீக்கம் என்றார் அந்த வழக்கறிஞர். நீங்கள் சொல்லும் மன்னர்தான்! எதிர்த்தரப்புக்கு இதைவிடப் பெரிய உதவியை யாரும் செய்திருக்க முடியாது.

ஜூன் 2இல் உச்ச நீதிமன்றம் 6-3 என்ற கணக்கில் ஆணையைச் செல்லாதது என்றது. ஒன்பது நீதிபதிகளும் ட்ரூமனோ, அவருக்கு முன் அதிபராக இருந்த அதே கட்சிக்காரர் ரூஸ்வெல்ட்டோ நியமித்தவர்கள். அவர்களில் ஒருவரான, முன்பு ட்ரூமனிடம் அட்டர்னி ஜெனரலாக (அரசின் தலைமைச் சட்ட அதிகாரியாக) இருந்த டாம் கிளார்க்கும் அவருக்கு எதிராகவே நின்றார்.

இன்றும் வழக்கறிஞர்கள் எடுத்துக்காட்டுவது பெரும்பான்மையோடு ஒத்துப்போய் நீதிபதி ஜாக்சன் எழுதிய தனித் தீர்ப்பை. காங்கிரஸ், அதாவது அமெரிக்க நாடாளுமன்றம், துணை நின்றால் அதிபரின் கை ஓங்கியிருக்கும். காங்கிரஸ் மௌனமாக இருந்தால் அந்தி வெளிச்சம், எதையும் உறுதியாகச் சொல்ல முடியாது. காங்கிரஸின் விருப்பத்துக்கு மாறாகப் போனால் அவர் பலம் அடிமட்டத்தில். ட்ரூமன் நின்றது அங்கேதான். ஆலைகளைக் கைப்பற்றும் அதிகாரத்தை 1947இல் காங்கிரஸ் பரிசீலித்து, வேண்டாமென்று விட்டிருந்தது. அதிபர் படைகளுக்குத் தலைமைத் தளபதி, நாட்டுக்கு அல்ல என்ற பொருளிலும் ஜாக்சன் எழுதினார். வேடிக்கை என்னவென்றால், 1941இல் ரூஸ்வெல்ட் ஒரு விமான ஆலையைக் கைப்பற்றியபோது அதை ஆதரித்த அட்டர்னி ஜெனரல் இதே ஜாக்சன்தான். அரசுத் தரப்பு அதை நினைவூட்டியும் அவர் அசையவில்லை.

உங்கள் கவலையில் ஓர் உண்மை உண்டு. கையெழுத்துக்கு ஒரு நிமிடம் போதும், தீர்ப்புக்கு ஏறத்தாழ எட்டு வாரம் ஆயிற்று. அந்தி வெளிச்சத்தில் போடப்படும் ஆணைகளுக்கு இன்னும் அதிகம் ஆகலாம். ஆனால் தீர்ப்பு வந்த அன்றே ட்ரூமன் ஆலைகளைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். தொழிலாளர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். அது 50 நாட்களுக்கு மேல் நீடித்தது.