கடைசியா என்ன குடிச்சீங்க?

அண்ணே வணக்கம். குடிய விட்டு 14 மாசம் ஆச்சு. சனிக்கிழமை காலைல சிங்கப்பூர் மெக்ரிச்சி காட்டுப் பாதைல ஒரு குரூப்போட நடக்குறேன், இப்போதைக்கு அதான் என்னைய பிடிச்சு வச்சிருக்கு. அடுத்து மலேசியால இருக்க லேடாங் மலை ஏறப் போறோம், அதுக்கு முன்னாடி ரெண்டு நாள் வில்டர்னஸ் ஃபர்ஸ்ட் எய்ட் (காடு மலைல பண்ற முதலுதவி) கோர்ஸ் போகச் சொல்றாங்க. காயம் தொடைக்கிற ஆல்கஹால் ஸ்வாப் வாசம் பட்டா என்ன ஆவேன்னு ஒரு பயம். தன் உடம்பயே பாத்துக்கத் தெரியாதவன் அடுத்தவனுக்கு என்னத்த முதலுதவி பண்றதுன்னு இன்னொரு பயம். போகலாமா?
பெயர் வேண்டாம், செங்காங்

தம்பி,

போங்க. நம்ம ஊரு புக்கித் தீமா குன்று 163 மீட்டர், அங்க விழுந்தா ஆம்புலன்சுக்கு 995 அடிச்சா ஆள் வந்துரும். லேடாங் 1276, நடுவுல ஒருத்தர் காலு போச்சுன்னா கீழ இறக்கவே பல மணி நேரம், அதுவரைக்கும் நீங்கதான் ஆஸ்பத்திரி.

வாசம் விஷயத்துல நான் சிரிக்க மாட்டேன், எனக்கும் குடிய விட்ட முதல் வருஷம் சானிடைசர் பாட்டில பாத்தாலே நாக்கு ஊறும். ஆனா திறந்த காயத்துக்கு ஸ்வாப்பே வேணாம், நல்ல குடிதண்ணிய பீச்சி அடிச்சுக் கழுவணும், ஒரு ஸிப்லாக் பைல தண்ணி ஊத்தி மூலைல சின்னதா ஓட்ட போட்டு அமுக்குனா போதும். காயத்தச் சுத்தித் தொடைக்க போவிடோன் அயோடின் கிருமிநாசினி வச்சுக்கங்க. வலி மாத்திரை பாரசிட்டமாலோட நிறுத்திக்கங்க, பழக்கமாக்கிடுற கோடீன், ட்ராமடால் எல்லாம் உங்க பையில இருக்கவே கூடாது.

ரெண்டாவது பயத்துக்கு என் கதைய சொல்றேன். நான் போன கோர்ஸ்ல என்னைய பேஷண்டா படுக்க வச்சாங்க, வேர்ல தடுக்கி கணுக்கால் போச்சுன்னு செட்டப். ஒரு பாலிடெக்னிக் புள்ள பக்கத்துல குந்திக்கிட்டு வரிசையா கேக்குது, அலர்ஜி இருக்கா அங்கிள், மருந்து சாப்பிடுறீங்களா, கடைசியா என்ன சாப்பிட்டீங்க, என்ன குடிச்சீங்க. படக்குன்னு "ஒண்ணும் குடிக்கல"ன்னேன், குடிச்ச காலத்துல மறைச்சுப் பேசுன அந்தப் பழைய குரல்லயே. காலைல இருந்து ஒன்றரை லிட்டர் தண்ணி குடிச்சிருந்தேன்! புள்ள அத அப்படியே நோட்ல எழுதி, உடம்புல தண்ணி இல்லன்னு முடிவு பண்ணி என்னைய குடி குடின்னு படுத்திடுச்சு.

தினமும் குடிக்கிற ஒருத்தர் கேம்ப்புக்காக திடீர்னு நிறுத்திட்டு வர்றாருன்னு வைங்க. 6 மணி நேரத்துலயே கை நடுங்க ஆரம்பிக்கலாம், வேர்க்கும், நெஞ்சு படபடக்கும், 48 மணி நேரத்துக்குள்ள வலிப்பே வரலாம். கூட இருக்கவங்க வெயில்னு சொல்லி ஐஸோடோனிக் பானம் குடுத்துட்டு நடப்பாங்க. அது தப்பு, அவர கீழ இறக்கி டாக்டர்கிட்ட கொண்டு போகணும். அந்தக் கையப் பாத்தா உங்களுக்குத் தெரியும்ல, நமக்கே நடுங்குன கைதானே. ஆனா "குடிப்பீங்களா"ன்னு கேட்டா என்ன மாதிரிதான் பதில் வரும். கூட்டத்த, முக்கியமா பொண்டாட்டிய, கொஞ்சம் தள்ளி அனுப்பிட்டு "கடைசியா எப்பண்ணே"ன்னு மெதுவா கேளுங்க.

ஒண்ணே ஒண்ணு, கோர்ஸ் முடிஞ்சதும் எல்லாரும் காப்பிக்கடைக்குக் கூப்பிடுவாங்க, மேசைல பீர் வரும். முதல் நாள் நான் சொல்லிக்காம பஸ் ஏறிட்டேன். ரெண்டாம் நாள் உக்காந்து தே ஓ கோசோங் (பாலும் சீனியும் இல்லாத டீ) குடிச்சேன், அந்தப் பாலிடெக்னிக் புள்ளதான் வாங்கிக் குடுத்துச்சு.