ஜன்னலோர வெயில் போதுமா?

கேள்வி: பியர்டட் டிராகன் (தாடி ஓணான்) வாங்கித் தரச் சொல்லி மகன் நச்சரிக்கிறான். நம் ஊரில்தான் வெயில் கொளுத்துகிறதே, கண்ணாடித் தொட்டியை ஜன்னலோரம் வைத்தால் போதாதா?

பதில்: போதாது. பலரும் கோட்டை விடுவது இங்கேதான். ஆஸ்திரேலியாவின் உள்பகுதி வறண்ட நிலத்துப் பிராணி இது, நம் தோட்டத்து ஓணானின் குடும்பம்தான். அங்கே காலையில் வேலிக்கம்பத்து உச்சியிலோ பட்டுப்போன கிளையிலோ ஏறி, உடம்பு சூடாகும்வரை வெயில் காய்ந்துவிட்டுத்தான் இரை தேடவே கிளம்பும். அந்த வெயிலில் உள்ள யுவி-பி என்ற புற ஊதாக் கதிர் தோலில் பட்டு வைட்டமின் டி3 உருவானால்தான் தின்கிற கால்சியம் எலும்பில் சேரும். ஜன்னல் கண்ணாடி சூட்டை விடும், யுவி-பியைப் பெரும்பாலும் விடாது. விளைவு, தாடை ரப்பர் மாதிரி இளகி, கால் கோணி, நடக்கவே திணறும். போதாக்குறைக்கு, நேர் வெயிலில் வைத்த தொட்டி அடுப்பாகிவிடும், உள்ளே இருப்பது எங்கே ஓடும்?

ஆகவே யுவி-பி விளக்கு கட்டாயம். எரிந்துகொண்டிருந்தாலும் நாளாக ஆக அதன் கதிர் குறையும், காலக்கெடுப்படி மாற்ற வேண்டும். தொட்டியின் ஒரு முனையில் வெயில் காய 40 டிகிரி செல்சியஸ் அளவுக்குச் சூடு, மறுமுனை நன்றாகக் குளிர்ந்திருக்க வேண்டும். வளர்ந்தால் வாலோடு 60 செ.மீ. வரை போகும், பத்து வருடம் கூட வாழும். மகன் கல்லூரிக்குப் போனபிறகு யார் பார்ப்பது என்பதையும் இப்போதே பேசிவிடுங்கள்! சாப்பாட்டுக்குக் கீரையும் பூச்சியும். மின்மினிப்பூச்சியை மட்டும் கிட்டேயே விடாதீர்கள், ஒன்றே ஒன்று தின்றாலும் செத்துப்போகலாம்.

கேள்வி: அது கையை ஆட்டி டாட்டா காட்டுமாமே?

பதில்: வீடியோவில் அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் பெரும்பாலும் குட்டிகளும் பெண்களும் பெரிய ஆணுக்கு முன்னால் ஒரு முன்னங்காலைத் தூக்கி மெதுவாகச் சுழற்றி, ‘அண்ணே, நான் சண்டைக்கு வரல’ என்று சொல்வது அது. அண்ணன் தாடியை, அதாவது தொண்டைத் தோலை, கறுப்பாக்கி, தலையை வேகமாக ஆட்டி மிரட்டுவார். உங்களைப் பார்த்து அடிக்கடி கை ஆட்டினால் பாசம் என்று நினைக்காதீர்கள், பயமாகவும் இருக்கலாம்.

கேள்வி: சூட்டில் ஆண் பெண்ணாக மாறிவிடுமா?

பதில்: வளர்ந்த பிறகு மாறாது, முட்டைக்குள் இருக்கும்போதுதான். முட்டை சுமார் 32 டிகிரிக்கு மேல் சூட்டில் இருந்தால், மரபணுப்படி ஆணாக வேண்டிய குஞ்சும் பெண்ணாகவே பொரிந்து வரலாம், பிற்பாடு முட்டையும் இடும். ஆய்வகத்தில் மட்டுமல்ல, ஆஸ்திரேலியக் காட்டிலேயே இப்படிப்பட்ட பெண்கள் இருப்பதை 2015-ல் விஞ்ஞானிகள் உறுதி செய்துவிட்டார்கள்.