சதுரங்கத்தில் கறுப்புக்காய்களோடு கரோ-கான் தொடக்கம் ஆடும்போது வெள்ளை எச்4 தள்ளினால் என்ன செய்வது?

எச்5 ஆடுங்கள், அதாவது உங்கள் எச் வரிசைச் சிப்பாயை இரண்டு கட்டம் தள்ளி அதை மறித்துவிடுங்கள். எனக்குத் தெரிந்து இதைவிட நிம்மதியான பதில் இல்லை.

நீங்கள் கேட்பது (வெள்ளை முதலில், கறுப்பு அடுத்து) ஈ4 சி6, டி4 டி5, ஈ5 பிஷப் எஃப்5, அப்புறம் எச்4 வரும் ஆட்டம். 1961 உலக சாம்பியன் பட்ட மறுபோட்டியில் பாட்வின்னிக்கை எதிர்த்து தால் ஆடியது, தால் பெயரிலேயே வழங்குகிறது. இங்கே பழக்கதோஷத்தில் ஈ6 தள்ளினால் தீர்ந்தது. ஜி4 வரும், பிஷப் ஈ4-க்கு ஓடினால் எஃப்3, ஜி6-க்குத் திரும்பினால் எச்5. ஒரு சிப்பாயைத் தின்றுவிட்டுச் சாக வேண்டியதுதான். எச்6 ஆடினால் பிஷப்புக்கு எச்7-இல் ஒரு பொந்து கிடைக்கும், தப்பில்லை. எச்5 ஆடினாலோ ஜி4-ஐ அவ்வளவு சுலபமாகத் தள்ளவே முடியாது.

நான் பாலக்காடு மாவட்டத்துக் கொழிஞ்சாம்பாறைக்காரன். எங்களுக்குப் போட்டி என்றால் ஒன்று பொள்ளாச்சி, இல்லை பாலக்காடு. பாலக்காட்டில் ஒரு ரேபிட் (குறைந்த நேர) போட்டியில் திருச்சூர்ப் பையன் ஒருவன் எதிரே உட்கார்ந்தான். கிராண்ட்மாஸ்டர் நிஹால் சரின் ஊர்ப் பையன்கள் என்றாலே எனக்குக் கொஞ்சம் உஷார். எச்4 தள்ளி, கடிகாரத்தைத் தட்டிவிட்டு, என் கையையே பார்த்துக்கொண்டிருந்தான். நான் எச்5. அவன் பிஷப்பை டி3-க்குக் கொண்டுவர, வெட்டிக்கொண்டோம். அவன் ராணி டி3-க்கு வந்தது. இப்போது ஈ6 தாராளமாக ஆடலாம். அவன் குதிரை எஃப்3 வந்ததும் ராணி ஏ5 செக்; சி3 என்று மறைத்தான்; ராணி ஏ6.

இந்த ராணி ஏ6-தான் முழு ஆட்டமும். ராணியை மாற்றிக்கொண்டால் வெள்ளையின் தாக்குதல் புஸ்வாணம். மாற்றாமல் நகர்ந்தால் எஃப்1 கட்டம் நம் கண்காணிப்பில் இருப்பதால் அவன் ராஜா பக்கம் கோட்டை கட்ட (காஸ்லிங்) முடியாது. பையன் மாற்றிக்கொண்டான். அதன் பிறகு என் குதிரை ஈ7 வழியாக எஃப்5-இல் போய்க் குந்தியது. அதை விரட்ட ஜி4 கிடையாதே. பிஷப்பும் ஈ7-க்கு வர, அவன் பெருமையாகத் தள்ளிய எச்4 சிப்பாய்க்கே காவல் தேவைப்பட்டது. யானைகள் மட்டும் மிஞ்சிய கடைசிக் கட்டத்தில் ஒரு சிப்பாய் கூடுதலாக வைத்து ஜெயித்தேன்.

முடிந்ததும் வெளியே டீக்கடையில், "சேட்டா, பிஷப் ஜி5 ஆடியிருக்கணும், அல்லே?" என்றான். சரியான கேள்வி. எச்5-க்கு அடுத்து பிஷப் ஜி5 வந்தால் உடனே ஈ6 தள்ளாதீர்கள், ராணி போய்விடும். முதலில் ராணி பி6. பி2 சிப்பாய்க்கும் குறி வைத்த மாதிரி ஆச்சு. அப்புறம் ஈ6.